மழை லீவு நாளில் பிள்ளை எங்கே உட்காரும்?

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கூட்டம் என்றால் அரைநாள் கூலி போகும். போன கூட்டத்தில் காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, பெயின்ட் எல்லாம் பேசினோம். பிள்ளை உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

தேவாலா பக்கத்து ஜூலை மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து படிப்பது நல்ல முறைதான். ஆனால் நனைந்த பாவாடையோடு சில்லிட்ட சிமென்ட் தரையில் உட்கார்ந்தால் கணக்கு எப்படி ஏறும்? கனமான பாய், ஈரத்துணி காயப்போட ஒரு கொடி, மாற்றிக்கொள்ள நாலைந்து பழைய ஸ்வெட்டர். இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை ஒன்று மாதக்கணக்கில் பேசாமலே இருந்தது. மந்தம் என்றுகூடச் சொன்னார்கள். அவர்கள் காலனி அக்கா ஒருவர் ஒருநாள் வந்து அவர்கள் பேச்சில் ஏதோ கேட்டதும், அது நிறுத்தாமல் பேசியது! முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், பிள்ளை பயமில்லாமல் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த அக்காவை வாரம் இரண்டு நாள் வகுப்பில் உட்காரச் சொல்ல நம் குழு கேட்கலாமே.

அடுத்தது வாட்ஸ்அப். மழை லீவு விட்டால் காலை பத்து மணிக்குப் பாடம் போட்டோவாக வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன். அது என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் மகள் கைக்கு வரும், அதுவும் கரண்டும் டவரும் இருந்தால். மறுநாள் குரூப்பில் 'முடிக்காதவர்கள்' என்று ஒரு பட்டியல். தன் பெயரைப் பார்த்ததும் மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு மேலேயும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடத்தைச் சாயங்காலம் ஆறுக்கு மேல் குரல் பதிவாக அனுப்பட்டும், முடிக்க இரண்டு நாள் கொடுக்கட்டும். பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டு விஷயம் நம் கையில். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? யானை நடமாட்டத்தில் இருட்டிய பிறகு பிள்ளையை வேறு லைனுக்கு அனுப்பவும் முடியாது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்று அரசின் சாயங்கால வகுப்பு வந்தபோது எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்ததால்தான் பிள்ளைகள் போனார்கள். இப்போது ஏழிலிருந்து எட்டு வரை எங்கள் வரிசையில் டிவி கிடையாது. நல்ல பல்பு உள்ள வீட்டில் ஆறு பிள்ளைகள் உட்காருகிறார்கள். சீரியல் போச்சே என்று என் மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான்.

குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அடுத்த கூட்டத்தில் பெயின்டுக்கு முன்னால் பாயும் கொடியும் தீர்மான நோட்டில் ஏறட்டும். நான் எங்கள் பள்ளியில் எழுதச் சொல்லப் போகிறேன். நீங்களும் உங்கள் பள்ளியில் கேளுங்கள்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு தாய்