தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. நெல்லிக்குப்பத்தில் பெண்கள் கூட்டம் மாதம் தவறாமல் நடக்கிறது என்று படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "உடம்பில் அழற்சி இருந்தா கர்ப்பப்பையில கேன்சர் வருமாமே, அதைக் காட்டுற சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை பார்த்துக்கலாமா, மஞ்சள் மாத்திரை போடலாமா" என்று கேட்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்.

முதலில், அவர்கள் கேட்பது கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோயைப் பற்றி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். உட்படலப் புற்றுநோய், கர்ப்பப்பைக்குள்ளே மாதாமாதம் உரிந்து வளரும் படலத்தில் வருவது. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் செல் எடுத்துப் பார்ப்பது) எடுத்தாச்சு என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அந்தப் பரிசோதனை இதற்கானது அல்ல.

அழற்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அது பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பின் வழியாக வருகிறது. கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பிச் சாகும்போது வெள்ளணுக்கள் அதைச் சுற்றி மொய்க்கும். நுண்ணோக்கியில் கிரீடம் வைத்த மாதிரி தெரியும். அவை விடும் ரசாயனங்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ரத்தத்தில் இன்சுலின் ஏற ஏற, படலத்தை வளர்க்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடும். இன்னொரு பக்கம் அரோமடேஸ் என்ற நொதி தூண்டப்பட்டு, கொழுப்பிலேயே ஈஸ்ட்ரோஜன் தயாராகும். தீட்டு நின்றவளுக்கு அதற்குக் கடிவாளம் போடும் புரொஜெஸ்டரோன் கிடையாது. படலம் வளர்ந்துகொண்டே போகும், அதன் செல்களில் பிழையும் சேரும்.

சி.ஆர்.பி. வேண்டாம். பல்வலி, சளிக்காய்ச்சலுக்கே அது ஏறும். எடையைக் கணக்கில் எடுத்தால் இந்தப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு வெகுவாக மெலிந்துபோகிறது. குழம்பில் மஞ்சள் போடட்டும். மாத்திரையாக விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

அளக்க வேண்டியது இடுப்பு. தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டதும் அளக்கணும். பாவாடை நாடா கட்டும் இடம் பெரும்பாலும் இதற்குக் கீழே இருக்கும், அங்கே அளந்தால் கணக்கு தப்பும். 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சின்ன வயசுக்காரிகளை விட்டுவிடாதே. சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் தீட்டு வராதவளிடம் "வராதது நல்லதுதானே" என்று யாரும் சொல்லக் கூடாது. டாக்டரைப் பார்த்து, புரொஜெஸ்டரோன் மாத்திரை கொடுத்துப் படலத்தை உரியவைக்க வேண்டும்.

இனி சொல்வதுதான் முக்கியம். தீட்டு நின்று ஒரு வருஷமான பிறகு பழுப்புக் கறையோ, ஒரே ஒரு சொட்டோ பட்டாலும் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அடையாளம் இந்த ரத்தம்தான். வெட்கப்பட்டு ஆறு மாதம் தள்ளிப்போடுவதில்தான் காரியம் கெடுகிறது.

அங்கே டி.வி.எஸ். ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன், எடுப்பார்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் போகச் சொல், வயிற்று ஸ்கேன் மாதிரி தண்ணீர் குடித்து அடக்கக் கூடாது. படலம் 4 மி.மீ. வரை இருந்தால் பயம் மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் விட்டுத் திசு எடுப்பார்கள். தீட்டு வலி மாதிரி சில நிமிஷம் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவளுக்குப் படலம் தடிப்பாகத்தான் தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடணும்.

திசுவை, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில்தான் போடணும். அவசரத்தில் சலைன் (உப்புநீர்) பாட்டிலில் போட்டு அனுப்பினால் செல் அழுகி, ஒன்றும் படிக்க முடியாது. வயசானவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கியிருப்பதால் "திசு போதவில்லை" என்று ரிப்போர்ட் வருவதுண்டு. அது "நோய் இல்லை" என்ற ரிப்போர்ட் அல்ல. ரத்தம் திரும்ப வந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து, அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமரா விட்டு, நேரில் பார்த்தே ஆகவேண்டும். அதைக் கேட்டு வாங்கச் சொல்.

அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று எழுது. நாலு டேப் வாங்கிக் கடலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா