மருத்துவமனைச் சீரமைப்பு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு ஒப்புதல் அளித்த வெளிநோயாளர் பிரிவு, வார்டு சீரமைப்புப் பணிகள் நிறைவடைந்தன. முதல் வரைபடத்தில் இருந்த பெரிய காத்திருப்புக் கூடம் எங்கே என்று பலர் கேட்டீர்கள். அதைக் கட்டவில்லை. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நோயாளிகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து, இடம் போதவில்லை என்றே நாங்களும் நினைத்தோம். ஆனால் ஜப்பானின் டொயோட்டா கார் ஆலையில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களில், அதாவது பயன் தராமல் நேரத்தையும் உழைப்பையும் தின்பவற்றில், காத்திருப்பும் ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வெர்ஜீனியா மேசன் மருத்துவமனை நிர்வாகிகள் 2002இல் ஜப்பானுக்கே சென்று, விரயத்தைக் களையும் இம்முறையைக் கற்றுவந்தார்கள். காத்திருப்பைக் குறைக்காமல் கூடத்தைப் பெருக்குவது, விரயத்துக்கு வீடு கட்டித் தருவதாகும். ரத்த மாதிரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கமே பாதிக் கூட்டத்துக்குக் காரணம் என்று நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது எடுத்த உடனே அனுப்புகிறோம். பதிவு, ரத்தம் எடுத்தல், மருத்துவர் அறை மூன்றும் ஒரே வழியில் அடுத்தடுத்து இருக்கின்றன.

வார்டில் ஒரு செவிலியரின் நடையை ஒரு ஷிப்ட் முழுவதும் தாளில் கோடாக வரைந்தோம். சிக்கு விழுந்த நூல்கண்டு போல வந்தது. பெரும்பாலான கோடுகள் பொருள் அறைக்கே போயின. நோயாளியின் அருகில் இருக்க வேண்டியவர் ஊசிக்கும் பஞ்சுக்கும் அலைந்திருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்து வருந்தினோம். இன்று ஒவ்வொரு அறைச் சுவரிலும் தாழ்வாரத்திலிருந்தே நிரப்பக்கூடிய அலமாரி உண்டு. பொருளுக்கு இரண்டு பெட்டி: முன்பெட்டி தீர்ந்தால் அதன் அட்டை கிடங்குக்குப் போகும், அந்தப் பெட்டி நிரம்பி வரும்வரை பின்பெட்டி கைகொடுக்கும். ஆக்சிஜன் இணைப்பு எல்லா அறைகளிலும் கட்டிலின் ஒரே பக்கத்தில்; அவசரத்தில் கை தேடக் கூடாது.

சுவர் எழுப்பும் முன் அட்டையால் முழு அளவில் ஓர் அறை செய்து, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்தோம். கதவு திறந்தால் கைகழுவும் தொட்டி மறைகிறது என்று கண்டுசொன்னவர் துப்புரவுப் பணியாளர். பொறியாளரும் நாங்களும் அதைக் கவனிக்கவே இல்லை. அட்டை என்பதால் கத்தியால் வெட்டி மாற்றினோம்.

இந்த மாற்றங்கள் ஆட்குறைப்புக்கான ஏற்பாடு என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். எவரையும் நீக்குவதில்லை என்று முதல் நாளே வாக்களித்தோம்; காத்தோம். அந்த வாக்குறுதி இல்லாவிட்டால் எவரும் குறைகளைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருந்தக வரிசை மட்டும் இன்னும் குறையவில்லை. அடுத்து அங்கே தாளும் பென்சிலுமாக நிற்கப்போகிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே அனுப்பப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு