எந்த நாள் எம்டன்? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

முதல் சம்பளத்தில் பாட்டிக்குப் புடவை, உனக்கு ஒரு கப்பல் என்று முடிவு பண்ணியிருக்கிறாயாம். அக்கா சொன்னாள். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். டாமியா கம்பெனியின் பிளாஸ்டிக் கிட், ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ, 1/350, அதாவது நிஜத்தில் 350-ல் ஒரு பங்கு. உன் கண் அங்கே போனதில் தப்பே இல்லை. இருபது வருஷமாகக் கப்பல் கட்டுகிற எனக்கே அந்தப் பெட்டியைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனாலும் இப்போது அது வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

விலையைச் சொல்லித் தடுக்கவில்லை. உன் காசு, உன் உழைப்பு. இடத்தைச் சொல்லியும் இல்லை. நிஜக் கப்பல் 263 மீட்டர் என்றால் இந்த அளவில் 75 சென்டிமீட்டர் வரும். வாடகை வீட்டிலும் அதற்கு ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கிவிடலாம். நான் தயங்குவது வேறொன்றுக்காக. "எந்த யமாட்டோவைக் கட்டப்போறே?" என்று போனில் கேட்டேன். "யமாட்டோன்னா யமாட்டோதானே மாமா" என்றாய். அந்தப் பதிலில்தான் நின்றுவிட்டேன்.

1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது அதன் இரண்டு பக்கவாட்டிலும் ஆளுக்கொன்றாக மூன்று குழல் பீரங்கிக் கூண்டுகள் இருந்தன. 1944-ல் அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை நிறைத்தார்கள். 1945 ஏப்ரல் 7 அன்று மூழ்கிய யமாட்டோ, வானத்தைப் பார்த்து முள் சிலிர்த்த கப்பல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம், ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு அதைக் கட்டி, 1941 மே 24 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூடோடு மோதிய காட்சி என்று பெயர்ப்பலகை வைப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டைகளை அதற்குச் சில நாள் முன்பே நார்வேக் கரையில் சாம்பல் பூசி மறைத்துவிட்டார்கள்.

கப்பல் உயிரோடு இருக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும். பெயிண்ட் மாறும், கொடிமரம் மாறும், படகுகளை இறக்கிவிடுவார்கள், புதுசாக ரேடார் ஏறும். அதனால் கிட் கட்டுகிறவன் ஒரு கப்பலை மட்டும் கட்டுவதில்லை, அந்தக் கப்பலின் ஒரு நாளையும் சேர்த்துத்தான் கட்டுகிறான். எந்த நாள் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு அதுவே பதில் சொல்லிவிடும். இந்தப் பழக்கத்தைச் சின்னக் கப்பலில் கற்றுக்கொள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எந்தச் சின்னக் கப்பல் என்றால், உன் பெயர் கொண்ட கப்பல்தான். நாலு வயசில் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து சில்லறை எடுத்துக்கொண்டு ஓடுவாயே, "சரியான எம்டன்டா இவன்" என்று பாட்டி பின்னாலேயே கத்துவாள். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் க்ரூசர், அதாவது வேகமாக ஓடும் போர்க்கப்பல் என்று பாட்டிக்குத் தெரியாது. அவளுக்கு அது அவள் அம்மா வாயிலிருந்து வந்த சொல். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்தக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று அரை மணி நேரம் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனை ஆபீஸில் வேலை பார்த்த வருஷங்களில் அதை எத்தனை முறை கடந்து நடந்திருப்பேன். எப்படியும் பிடிபடாமல் நழுவுகிறவனுக்கு அந்தக் கப்பலின் பெயரையே தமிழ் வைத்துக்கொண்டது.

ரெவெல் கம்பெனி இந்த எம்டனை 1/350-ல் போட்டிருக்கிறது. நிஜக் கப்பல் 118 மீட்டர், கிட்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். ஒரு அடி ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம், அகலம் நாலு விரலுக்கும் குறைவு. உன் படிப்பு மேசையிலேயே வைத்துக் கட்டலாம். என் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது, அதை உனக்குத் தருகிறேன். அதற்கு முன்னால் எந்த நாள் என்று நீ சொல்ல வேண்டும்.

போருக்கு முந்தைய நாள் என்றால் கப்பல் வெள்ளை. சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்தபோது வெள்ளை உடல், மஞ்சள் கலந்த பழுப்பில் மூன்று புகைபோக்கிகள். கிழக்கின் அன்னம் என்று அதற்குப் பட்டப்பெயர். அழகென்றால் இதுதான் அழகு. ஆனால் வெள்ளை பூசுவது ரொம்பக் கஷ்டம். ஒரு விரல் ரேகை, ஒரு தூசி என்று எல்லாம் தெரியும். ஒரே தடவையில் மூடவும் மூடாது. மெல்லிசாக நாலைந்து பூச்சு போட வேண்டும்.

மெட்ராஸ் இரவு என்றால் சாம்பல். போர் வந்ததும் வெள்ளை போய்விட்டது. அந்தச் சாம்பலும் பளபளக்கிற புதுச் சாம்பல் அல்ல. துறைமுகம் எதற்குள்ளும் போக முடியாத கப்பல் அது. கூடவே வந்த சரக்குக் கப்பல்களிலிருந்து கடலிலேயே நிலக்கரி ஏற்றிக்கொண்டது. கரி மூட்டைகள் தளத்தில் குவிந்து கிடந்தன. அதனால் தளத்திலும் பக்கவாட்டிலும் கரித்தூள் படிந்த அழுக்கு வேண்டும். கறுப்பை நீர்க்கக் கரைத்து, பலகைகளின் இடுக்கில் ஓட விட்டு, மேலே நின்றதைத் துடைத்து எடுக்க வேண்டும்.

பினாங்கு காலை என்றால் இன்னொரு வேலை சேரும். அதை நீ விரும்புவாய் என்று நினைக்கிறேன். 1914 அக்டோபர் 28 விடியலில் எம்டன் பினாங்குக்குள் நுழைந்தபோது அதற்கு நாலு புகைபோக்கிகள். நாலாவது பொய். மரச்சட்டத்தில் துணி கட்டிச் செய்தது. பிரிட்டிஷ் க்ரூசர் யார்மத்துக்கு நாலு புகைபோக்கிகள் உண்டு என்பதால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களை ஏமாற்றச் செய்த ஏற்பாடு. சுடுவதற்கு முன் ஜெர்மன் கொடியை ஏற்றினார்கள். ஜெம்சுக் என்ற ரஷ்யக் க்ரூசரும், வெளியே வரும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு டெஸ்ட்ராயரும் (க்ரூசரை விடச் சின்னப் போர்க்கப்பல்) மூழ்கின. இந்த நாளை எடுத்தால் நாலாவது புகைபோக்கியை நீயே செய்ய வேண்டியிருக்கும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை வெள்ளைப் பசையில் நனைத்து ஒரு குழாய் மேல் சுற்று. காய்ந்ததும் துணியின் சுருக்கம் அதில் தானாகவே நிற்கும். மற்ற மூன்றும் இரும்பு மாதிரி வழுவழுப்பாக இருக்க, இது மட்டும் துணியாகத் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிடுகிற கண்ணுக்காகத்தான் நாம் கட்டுகிறோம்.

இன்னொரு சின்ன விஷயம், இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. மெட்ராஸுக்கும் பினாங்குக்கும் நடுவில், அக்டோபர் 9 அன்று எம்டன் டியேகோ கார்சியா தீவுக்குப் போனது. அங்கே இருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய சேதியே வந்து சேரவில்லை. அங்கே கப்பலைச் சாய்த்துவைத்து அடிப்பாகத்தில் படிந்திருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். ஆக மெட்ராஸ் நாளுக்கு நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பச்சையும் பழுப்புமாகப் பாசி வேண்டும். பினாங்கு நாளுக்கு அதைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஐந்து வார இடைவெளி அந்தச் சிவப்புப் பெயிண்டில் தெரியும். இப்படி ஒன்று பிடிபடும்போது எனக்கு இரவு தூக்கம் வராது.

இனி மேசை வேலை. முதல் நாளே நிப்பர், அதாவது சின்ன வெட்டுக்குறடு, ஒன்று நல்லதாக வாங்கிவிடு. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் திருகி எடுக்காதே, வெள்ளைத் தழும்பு விழும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய். எம்டனுக்கு 10 பீரங்கிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, இரு பக்கமும் மும்மூன்று. ஒவ்வொன்றின் வாயும் 10.5 சென்டிமீட்டர். 350-ஆல் வகுத்துப் பார், 0.3 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ட்ரில் கிடைக்கிறது. விரலால் உருட்டித்தான் துளைக்க வேண்டும், மெஷின் வேண்டாம். முதலில் ஊசிமுனையால் நடுவில் ஒரு புள்ளி வை.

கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள் எல்லாம் ஃபோட்டோ எட்ச் எனும் மெல்லிய பித்தளைத் தகட்டில் வரும். அதைத் தொடுவதற்கு முன் ஃபேனை நிறுத்து. மே மாசமானாலும் நிறுத்து. மடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டு உட்கார். விழுகிற துண்டு தரைக்குப் போகாது. போய்விட்டால் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடி. ஒவ்வொரு துரும்புக்கும் நீள நிழல் விழும். மொசைக் தரையில் தொலைந்த ஒரு மில்லிமீட்டர் பித்தளையை அப்படித்தான் நான் மீட்டிருக்கிறேன்.

கொடிமரத்திலிருந்து போகும் கம்பிகளுக்கு நூல் வாங்கத் தேவையில்லை. வெட்டியெடுத்த பிறகு மீந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து, இரு கையாலும் நிதானமாக இழு. தலைமுடியை விட மெல்லிய இழை வரும். ஒட்டிய பிறகு தொய்ந்திருந்தால் ஊதுபத்தியின் கங்கைத் தொடாமல் அருகில் கொண்டு போ. இழை தானே விறைத்துக்கொள்ளும். நூறு தடவை செய்தாலும் அந்த ஒரு நொடி எனக்குப் புதுசுதான்.

பெயிண்ட் விஷயத்தில் நான் பட்டதை நீ படக்கூடாது. ஒரு ஐப்பசி மாதம், மழைக்கு நடுவில் கிடைத்த ஒரு மாலையில், மூன்று மாசம் கட்டிய ஒரு டெஸ்ட்ராயருக்கு லாக்கர் பெயிண்ட் அடித்தேன். காய்ந்தபோது கப்பல் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெண்மை பூத்திருந்தது. லாக்கர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? தேய்த்துத் தேய்த்து எடுத்ததில் கைப்பிடிகள் எல்லாம் முறிந்தன. அதிலிருந்து ஐப்பசி கார்த்திகையில் நான் கட்டுவேன், ஒட்டுவேன், பெயிண்ட் அடிக்க மாட்டேன். தை பிறக்கட்டும். அவசரமென்றால் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசு. வெயில் நாளில் அது தூரிகையிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பூச வேண்டும். நிஜக் கப்பலின் சாம்பல் நிறத்தை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் வெள்ளை கலந்து இளசாக்கு. அரை மைல் தள்ளிப் பார்க்கிற கப்பல் அது, நடுவில் காற்று இருக்கிறது.

சேர்த்து வைப்பதைப் பற்றியும் கேட்டாய். என் பரணில் இப்போது கட்டாத பெட்டிகள் 21. சில கிட்டுகள் ஒருமுறை வந்து போனால் வருஷக்கணக்காக வராது, அதனால் வாங்கி வைப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வாங்கினால் அன்றே பெட்டியைத் திற. பாகங்களை எண்ணு. ஒரு தடவை எட்டு மாசம் கழித்துத் திறந்தபோது கொடிமரம் இரண்டாக முறிந்திருந்தது. விற்ற கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கப்பலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டெக்கால் தாளைத் தனியாக எடுத்துப் புத்தகத்துக்குள் வை, வெளிச்சமும் ஈரமும் பட்டால் மஞ்சளிக்கும். அப்புறம் ஒரே அளவைப் பிடித்துக்கொள். 1971-ல் ஜப்பானின் ஷிசுவோக்கா பக்கத்து நாலு கம்பெனிகள் சேர்ந்து, ஆளுக்கு இன்ன கப்பல் என்று பங்கு பிரித்துக்கொண்டு, 1/700-ல் வாட்டர்லைன் வரிசையைத் தொடங்கின. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் நீர்மட்டத்தோடு வெட்டியவை. அலமாரியில் நிறுத்தினால் எது பெரிசு எது சிறிசு என்று கண்ணே சொல்லிவிடும். உனக்கு இடம் குறைவு என்றால் எம்டனுக்குப் பிறகு நீ அந்தப் பக்கம் போகலாம். யமாட்டோவும் அதில் 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

உங்கம்மா என்னிடம் ஒருநாள் கேட்டாள்: "கொல்றதுக்குன்னு செஞ்ச கப்பலை எதுக்குடா வீட்ல வெச்சிருக்கே?" அக்காவுக்கு நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். ஹூட் கப்பலைக் கட்டியபோது அதில் இருந்தவர்கள் 1,418 பேர், பிழைத்தவர்கள் 3 பேர் என்று படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 1/700-ல் ஒரு ஆள் இரண்டரை மில்லிமீட்டர். தளத்தில் நிற்க வைக்கும்போது கை நடுங்கியது. எம்டனும் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு, பவளப்பாறையில் ஏறி நின்றது. அதில் 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெட்ராஸில் செத்தவர்களையும் அதோடு சேர்த்து எண்ண வேண்டும். எரிகிற கப்பலை, உடைந்த கப்பலை நான் கட்டுவதில்லை. ஆட்கள் உயிரோடு தளத்தில் நிற்கிற ஒரு நாளைத்தான் எப்போதும் எடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. பாகங்களை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்திருக்கிறேன். உடலின் இரண்டு பாதிகளையும் நாம் சேர்ந்தே ஒட்டலாம். பெயிண்ட் மட்டும் இன்னும் வாங்கவில்லை. வெள்ளையா, சாம்பலா, சாம்பலென்றால் புகைபோக்கி மூன்றா நாலா என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா