ஊக்கம் வேறு, உற்சாகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழின் சொல்லாய்வுப் பகுதியில், உற்சாகம் வடசொல், அதற்கு நேரான தமிழ்ச்சொல் ஊக்கம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். முன்பாதி சரி. பின்பாதியை, பிள்ளைகளை ஓடவிட்டே காலம் கழித்த உடற்கல்வி ஆசிரியையான என்னால் ஏற்க முடியவில்லை.

ஊக்குதல் என்றால் உந்துதல். கலித்தொகையில் ஊசலாடும் பெண் ஒருத்தி, அங்கே வந்த இளைஞனிடம் 'ஐய, சிறிது என்னை ஊக்கி' என்கிறாள், அவனும் ஊக்குகிறான். (கை நழுவியதுபோல் பாசாங்கு செய்து அவள் அவன் மார்பில் விழுவது தனிக்கதை.) ஊசலைத் தள்ளிவிடும் அந்த விசைதான் ஊக்கம். 'நுனிக்கொம்பர் ஏறினார்' குறளிலும், அதற்கு மேல் ஊக்கினால் உயிருக்கே இறுதி என்கிறார் வள்ளுவர். அங்கே குதூகலத்துக்கு என்ன வேலை? புடவையில் குத்தும் ஊக்கு இந்தக் குடும்பமே இல்லை; அது ஆங்கிலத்து ஹூக்.

உற்சாகம், வடமொழியின் உத்ஸாஹம். 'உத்' மேல்நோக்கியது. 'ஸஹ்' என்ற வேருக்குத் தாங்குதல், பொறுத்தல், வெல்லுதல் என்று பொருள். நாம் சகிப்பு என்பதும் அதே வேர்தான். நாட்டிய சாத்திரம் வீரச்சுவைக்கு அடிப்படை உணர்வாக வைத்திருப்பது உற்சாகத்தையே. இன்று அதில் நமக்குக் கேட்கும் துள்ளலும் கலகலப்பும் வேரில் இல்லை.

1500 மீட்டர் ஓட்டத்தைப் பாருங்கள், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கிளம்பும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் உற்சாகம் பொங்கும். முதல் வளைவிலேயே முண்டியடிப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது தோள் காதுவரை ஏறியிருக்கும், கை வீச்சு செத்திருக்கும். 'கையை வீசும்மா, கையை வீசு' என்று ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்துவேனே, அது ஊக்கம். அதைக் கேட்டு ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவாள். அந்த முகத்தைப் பார்த்து யாரும் உற்சாகம் என்று சொல்ல மாட்டார்கள்; வடமொழி வேரின்படி பார்த்தால் அதுதான் அசல் உற்சாகம்!

இப்படிப்பட்ட இரண்டு சொற்களுக்கும் நாளிதழ்களில் என்ன கதி? ஒன்று ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டது. அது ஊன்றிவிட்ட சொல், இனி மாற்றச் சொல்லிப் பயனில்லை. ஆனால் சாராயத்துக்கு 'உற்சாக பானம்' என்று பெயர் வைத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மது என்றே போடுங்கள். இரண்டே எழுத்து, தலைப்பில் இடமும் மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை