கேட் ஏறிக் குதித்த பிள்ளைகள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நல்லபடியாக மதுரை வந்து சேர்ந்துவிட்டேன். முழங்கால் வலி பரவாயில்லை. தூக்கம்தான் இன்னும் உங்கள் ஊர் நேரத்திலேயே நிற்கிறது. இப்போது விடியற்காலை மூன்று மணி. அப்பா தூங்குகிறார். சும்மா படுத்துக்கிடப்பதற்கு உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் அந்தப் பர்மிங்காமில், கெல்லி இங்ரம் பூங்காவில், நீ ஒன்று கேட்டாய். "அன்னைக்கு நீ இந்த ஊர்ல அம்மாவா இருந்திருந்தா, என்னைப் போக விட்டிருப்பியாம்மா?" பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். பாதையின் இரண்டு பக்கமும் பாய்கிற மாதிரி நாய்ச் சிலைகள் வைத்திருந்தார்களே, அதன் நடுவே நடந்தபோது உன் கையைப் பிடித்தவள், காருக்கு வரும்வரை விடவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ.

1963 மே 2, ஒரு வியாழக்கிழமை. கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிவைத்ததை எதிர்த்து அந்த ஊர்க் கறுப்பினப் பிள்ளைகள் ஊர்வலம் போன நாள். பள்ளிக்கூடம் நடக்கிற நாள். பெரியவர்கள் ஊர்வலம் போனால் வேலை போய்விடும், வாடகை வீடு போய்விடும். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் சிறைக்குப் போய் வந்தும், பின்னால் வர ஆள் குறைந்துகொண்டே போனது. பிள்ளைகளுக்கு இழக்க வேலை இல்லையே என்று யோசித்தவர், கிங்கோடு வேலை செய்த ஜேம்ஸ் பெவல். கிங்கே முதலில் தயங்கினார். சபையில் சேரும் வயது வந்த பிள்ளைக்கு ஊர்வலத்தில் போகவும் வயது வந்துவிட்டது என்பது பெவலின் வாதம். பாப்டிஸ்ட் சபையில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள்கூட ஞானஸ்நானம் பெறுவார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். அதனால் என் மனது பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. பார்க்கர் உயர்நிலைப் பள்ளியில் கேட்டைப் பூட்டினார்கள். பிள்ளைகள் ஏறிக் குதித்துப் போனார்கள். சில ஆசிரியர்கள் வகுப்புக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டார்களாம். யார் எழுந்து போனது என்று பிறகு கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்லலாம் அல்லவா? அந்த முதுகை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டைப் பூட்டியவரையும் என்னால் திட்ட முடியவில்லை.

பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் ஆலயத்திலிருந்து ஐம்பது ஐம்பது பேராகப் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்து வரச் சொல்லி ரேடியோ அறிவிப்பாளர்கள் முன்பே பூடகமாகச் சொல்லியிருந்தார்கள். சிறைக்குப் போவோம் என்று தெரிந்தே பிரஷ்ஷை எடுத்துவைத்த பிள்ளைகள். முதல் நாளே ஐந்நூறு பேருக்கு மேல் கைது. மறுநாள், போலீஸையும் தீயணைப்புத் துறையையும் கையில் வைத்திருந்த புல் கானர், நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவினார். மரப்பட்டையை உரிக்கிற வேகம் அந்தத் தண்ணீருக்கு. சிறை நிரம்பியதும் பொருட்காட்சி மைதானத்தில் அடைத்தார்கள்.

ஆட்ரி ஹெண்ட்ரிக்ஸுக்கு ஒன்பது வயது. போகிறேன் என்று வீட்டில் சொன்னாள், பெற்றோர் சரி என்றார்கள். ஒரு வாரம் உள்ளே இருந்தாள். அந்த ஏழு ராத்திரியும் அவள் அம்மா என்ன செய்திருப்பாள்? சமைத்திருப்பாளா, அந்தப் படுக்கையைத் தட்டிப் போட்டிருப்பாளா? அருங்காட்சியகத்தில் நான் தேடியது அதைத்தான்.

மே 10-ல் உடன்பாடு வந்தது. கடைகளில் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்றிருந்ததை எடுக்க ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியை விட்டு நீக்கப் பார்த்தது கல்வி வாரியம். நீதிமன்றம் தடுத்தது. அடுத்த வருடம் ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம்.

ஆனால் அதற்கு நடுவே செப்டம்பர் 15 வருகிறது. அதே ஆலயத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் போனார்கள். மூன்று பேருக்குப் பதினான்கு வயது, டெனிஸ் மெக்நேருக்குப் பதினொன்று. அவர்கள் அப்போது எந்த ஊர்வலத்திலும் இல்லை. கோயிலுக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். ஊர்வலத்துக்கு விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்ட அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அனுப்பாமலா இருந்திருப்பாள்? இதை யோசித்த பிறகுதான் எனக்குத் தூக்கமே போனது.

2017 ஜனவரியில் நீ தமுக்கம் மைதானத்துக்குப் போகிறேன் என்றாய். உன் தோழிகள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஜல்லிக்கட்டையும் பர்மிங்காமையும் ஒரே தராசில் வைக்கவில்லை கண்ணம்மா, அது தப்பு. ஆனால் என் பயம் அந்த அம்மாக்களின் பயம்தான். அவர்கள் அந்தப் பயத்தோடேயே அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. ஸ்கூட்டி சாவியைக் காணோம் என்று நீ வீடெல்லாம் தேடினாய், நானும் கூடவே தேடினேன். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அப்படி நடந்துகொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில், விட்டிருக்க மாட்டேன். நீ கேட் ஏறிக் குதித்துப் போயிருந்தால், அந்த டீச்சரைப் போல முதுகையாவது காட்டி நின்றிருப்பேனா என்று யோசிக்கிறேன். நின்றிருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சாவி இட்லி அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

அன்புடன்,
அம்மா