சிஜில்மாசாவின் சுவரை விழுத்தியது எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வட ஆப்பிரிக்க முற்றுகைப் போர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, 1274இல் மொராக்கோவை ஆண்ட மரீனிய வம்சத்து சுல்தான் அபூ யூசுஃப் யாகூப் அந்நாட்டின் சிஜில்மாசா நகர மதிலைப் பீரங்கியால் தகர்த்தார் என்றும், உலகில் முதலில் முழங்கிய பீரங்கி அதுதான் என்றும் சொல்கிறது. நகரம் வீழ்ந்தது உண்மை. மதிலைத் தகர்த்தது பீரங்கி என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இந்தச் செய்திக்கு மூலம் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன். அவர் 1332இல் துனிசில் பிறந்தவர். அதாவது முற்றுகை முடிந்து 58 ஆண்டு கழித்து. அதைப் பற்றி எழுதியது ஏறத்தாழ 100 ஆண்டு கழித்து. கல்லெறியும் கவண்பொறிகளோடு 'நஃப்த்' பொறி ஒன்றும் நிறுத்தப்பட்டது, அறை ஒன்றில் 'பாரூத்' (வெடிமருந்து என்று படிக்கப்படும் சொல்) பற்றியெரிய அதிலிருந்து இரும்புப் பரல்கள் பாய்ந்தன என்கிறார். கட்டுரையாளர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார் போலும். அதே பத்தியில் சில வரிகள் தள்ளி, ஓராண்டு முற்றுகைக்குப் பின் கவண்பொறி வீசிய பெருங்கல் பட்டு மதிலின் ஒரு பகுதி சரிந்தது, படை அவ்வழியே புகுந்தது என்றும் இருக்கிறது.

பொறியின் வேலையை யோசித்தால் இதில் வியப்பில்லை. அந்தப் பக்கத்து மதில்கள் பலகை அடைத்து, மண்ணும் சரளையும் சுண்ணாம்பும் கொட்டி, இடித்து இறுக்கி எழுப்பியவை. பரல் பட்டால் அங்கே ஒரு குழி விழும், அவ்வளவே. பரல் என்பது மதில் மேல் நிற்கும் ஆளை அடிக்கத்தான். கணக்குப் போட்டும் பார்க்கலாம்: 100 கிலோ கல் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் மோதினால் 80 கிலோஜூல். ஒரு கிலோ இரும்பை விநாடிக்கு 200 மீட்டரில் எறிந்தாலும் 20 கிலோஜூல்தான். அன்றைய வெடிமருந்தில் அந்த வேகமே பெரிய கேள்விக்குறி.

சொற்களையும் கவனிக்க வேண்டும். நஃப்த் என்றால் முதலில் மண்ணெண்ணெய் போன்ற எரிநெய். வெடிமருந்து என்ற பொருள் பிற்பாடு ஏறியது. பாரூத் என்றால் முதலில் வெறும் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்). 1248இல் மறைந்த, ஸ்பெயினின் மலாகா ஊர் மூலிகை அறிஞர் இப்னு அல்பைத்தார், மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்க) மக்கள் இந்த உப்பை அப்படி அழைத்ததைக் குறித்திருக்கிறார். எகிப்திய மருத்துவர்கள் இதைச் 'சீனப் பனி' என்றார்களாம். பிறகே அது வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கலவைக்குப் பெயராகி, இந்தி வரை வந்தது. தன் காலத்துப் பொருளைத் தாங்கிய சொல்லை இப்னு கல்தூன் முந்தைய நூற்றாண்டின் மேல் போர்த்தியிருக்கலாம் என்ற ஐயம் இதனால்தான் எழுகிறது.

வெடிமருந்து என்றாலே பீரங்கி வந்துவிடும் என்று கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இடையே இருந்த தொல்லைகள் கொஞ்சமல்ல. வெடியுப்பு தொழுவத்து மண்ணிலும் பழஞ்சுவரிலும் பூக்கும். ஆனால் சோற்றுப்பும் சுண்ணாம்பு நைட்ரேட்டும் கூடவே வரும். மண்ணை ஊறவைத்து வடித்த நீரைக் காய்ச்சி ஆறவிட வேண்டும். ஒரு லிட்டர் கொதிநீரில் வெடியுப்பு 2 கிலோவுக்கு மேல் கரையும். 20 பாகைச் சூட்டில் 300 கிராம் சொச்சம்தான். சோற்றுப்பு சூட்டிலும் ஆறிய பின்னும் 360-390 கிராம் அளவிலேயே நிற்கும். ஆகவே ஆறும்போது படிவதில் பெரும்பகுதி வெடியுப்பு. சுண்ணாம்பு நைட்ரேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மருந்தைக் களியாக்கிவிடும். அதை நீக்க விறகுச் சாம்பல் சேர்க்கும் முறையைச் சிரியாவின் ஹசன் அல்ரம்மா 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிவைத்தார்: சாம்பலின் காரம் சுண்ணாம்பைத் திட்டாகப் பிரித்து அடியில் இறக்கிவிடும். சிஜில்மாசா வறண்ட பாலைவன ஓரம் என்பதால் ஈரத் தொல்லை அங்கே குறைவு. கடற்கரைக் கோட்டைகளில் அப்படியில்லை.

அடுத்தது அளவு. தள்ளும் விசை வேண்டுமானால் நூற்றுக்கு 75 பங்கை ஒட்டி வெடியுப்பு இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் புகைந்து எரியும், குண்டைத் தள்ளாது. அளவு சரியாக இருந்தும் தூள் கெடும். ஒட்டகத்தின் மேல் குலுங்கிப் போனால் கனமான உப்பும் கந்தகமும் கீழே இறங்கும், கரி மேலே நிற்கும். களத்தில் மறுபடி கலக்க வேண்டும். தூளை இறுகத் திணித்தால் தீ உள்ளே பரவாமல் மெல்ல எரியும். அடைப்பு தளர்ந்தால் புகை ஓரத்தில் கசியும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஜெர்மானியக் கையேடு ஒன்று பீரங்கியின் மருந்தறையை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு மருந்து, ஒரு பங்கு வெற்றிடம், ஒரு பங்கு மரக்கட்டை என்று சொல்வது இதனால்தான். குருணையாக்கிய மருந்து புழக்கத்துக்கு வரும்வரை இதே பாடுதான்.

மரீனியர் அடுத்து என்ன செய்தார்கள் என்பதும் ஒரு சாட்சி. 1299இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள திலெம்சான் நகரை வளைத்தார்கள். மதிலை உடைக்க முடியாமல் எதிரே மன்சூரா என்று மதில் சூழ்ந்த நகரமே கட்டி, எட்டாண்டு பட்டினி போட்டுப் பார்த்தார்கள். 1307இல் சுல்தான் கொலையுண்டதும் முற்றுகை கலைந்தது. மதிலுடைக்கும் பீரங்கி கையில் இருந்தவர்கள் ஊர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

1324இல் தென் ஸ்பெயினின் முஸ்லிம் அரசான கிரானடாவின் படை அங்குள்ள உவெஸ்கார் ஊரில் நஃப்தால் இரும்புக் குண்டு எறிந்த செய்தியும் உண்டு. அங்கும் அதே சொல், அதே சிக்கல். ஐயம் தெளிவது ஸ்பெயினின் தென்முனைத் துறைமுகமான அல்ஹெசிராஸில். 1342 ஆகஸ்டில் காஸ்டீலின் மன்னர் 11ஆம் அல்ஃபோன்சோ முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த முஸ்லிம் படை வெடிமருந்தால் இரும்புக் குண்டுகளைச் சுட்டது. பெரிய ஆப்பிள் அளவு, சில பாசறையையும் தாண்டி விழுந்தன, பட்ட கை கால் துண்டானது என்று அம்மன்னரின் வரலாற்றேடு பதிகிறது. இங்கே சுட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள். குறி மதில் அல்ல, ஆட்கள். அப்படியும் 1344 மார்ச்சில் நகரம் பணிந்தது. கட்டுரைக்கு அந்தப் பகுதியில் ஒரு தொடக்க ஆண்டு வேண்டுமென்றால், 'உலகில் முதலில்' என்பதையும் 1274ஐயும் அடித்துவிட்டு 1342 என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்