கோணைநாயகியைத் திருப்பிப் போட்டோம், மச்சான்

திருகோணமலை
ஆவணி மாதம், ஞாயிறு பின்னேரம்

மச்சான்,

நம்முடைய கண்ணாடி இழை வள்ளம் கோணைநாயகியைத் திருப்பிப் போட்டுவிட்டோம். எட்டுப் பேர் வந்தார்கள், பழைய டயர் நாலு அடியில் வைத்து, வேப்பமரத்துக்குக் கீழேயே ஏராப் பக்கம், அதாவது அடிப்பக்கம், மேலே வரக் கவிழ்த்தாயிற்று. உள்ளே கிடந்த மழைத்தண்ணீரும் சருகும் அள்ளவே ஒரு நாள் போனது.

உன் வருஷப்பிறப்பு வாழ்த்துக்கும் அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது பிழைதான். திட்டு, ஆனால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். மகள் மட்டக்களப்பில், மாதம் ஒருமுறை வந்து போகிறாள். வீட்டுக்காரிக்குத்தான் கச்சான் காற்றுத் தொடங்கியதிலிருந்து மூச்சு முட்டு கொஞ்சம் கூட. நெட்டையன் அதே நெட்டையன்தான், உன் காசை இந்த வருஷமும் எதிர்பார்க்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பங்குனியில் வருகிறாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா. அதை வாசித்த அன்று இரவே எனக்கு நித்திரை போய்விட்டது. நீ வந்து இறங்கும்போது வள்ளம் தண்ணீரில் நிற்க வேண்டும், நிலாவெளிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து புறாமலைக்கு ஒருக்கால் போய் வர வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வெளியில் ஒரு வேலையும் செய்ய முடியாது, உனக்கே தெரியும். ஆகவே பூச்சு வேலை முழுவதும் புரட்டாதிக்குள் முடிய வேண்டும். ஆனால் எதைப் பூசுவது என்பதில்தான் இரண்டு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். வள்ளத்தில் பாதி உன் பங்கு என்பதால் உன்னிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

முதலில் நான் பெயின்ற் பூசும் எண்ணத்திலேயே இல்லை. பழைய நீலத்தைத் தேய்த்து மினுக்கி மெழுகு போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் பள்ளிக்கூடத்து வெண்கட்டி மாதிரி நீலத் தூள் கையெல்லாம் ஒட்டுகிறது, நாற்பது வருஷத்து வெயில் தின்றது அது. பின்பக்கத்தில் ஒரு சதுர அடி அளவு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். முதல் கால் மணித்தியாலம் வடிவாக வந்தது, அந்த நாளில் நாங்கள் காரைநகர்ச் சீநோர் வள்ளப் பட்டறையில் இருந்து எடுத்து வந்தபோது இருந்த நிறம் அப்படியே. அடுத்த கால் மணித்தியாலத்தில் ஓரமாக நீலம் மெலிந்து, அடியில் பாய் பின்னின மாதிரிக் கண்ணாடி இழை தெரியத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். இழைக்கு மேலே இருக்கும் அந்த நிறப் பூச்சு, ஜெல்கோட், புதிதில் இருந்ததே அரை மில்லிமீற்றர்தான். நாங்கள் மணலில் இழுத்த இழுவைக்கும் வருஷா வருஷம் தேய்த்த தேய்ப்புக்கும் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும். மினுக்கி மினுக்கி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம், அதற்குப் பிறகு இழை வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்.

அந்தக் கிழமையே கிண்ணியா நானா வந்தார். வயது போய்விட்டது, ஆனால் காது அப்படியே இருக்கிறது. ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்து ஒரு முனையில் இருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போனார், நான் பின்னால் சோக்கட்டியோடு. டிக் டிக் என்று கேட்டால் நல்ல இடம், பூசணிக்காயைத் தட்டின மாதிரி அமுங்கிக் கேட்டால் உள்ளே இழை பிரிந்த இடம். மொத்தம் இரண்டே இடம்தான் வட்டம் போட்டார். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நிலாவெளிப் பனங்கூடலுக்குள் இருந்து தூக்கி வந்து அவர் ஒட்டின ஒட்டு இருக்கிறதே, அது டிக் டிக். அந்த இடத்தில் மட்டும் அவர் மூன்று முறை தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஒரு காலையில் அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் அடியில் கொப்புளம் இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, இடது பக்கத்தில் மட்டும் எண்ணிப் பதினேழு. அவரிடம் வள்ளம் இருந்த நாலு வருஷமும் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்ததல்லவா, அதன் வேலை. ஜெல்கோட்டுக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி, இழையைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினில் சேராமல் மிஞ்சிக் கிடக்கும் சாமானைக் கரைத்து, அந்தக் கரைசல் இன்னும் தண்ணீரை இழுத்து, கடைசியில் அமுக்கம் தாங்காமல் மேலே வீங்குகிறது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் குத்தாதே, முகத்தில் பீச்சும் என்றார் நானா. குத்தினேன். பிசுபிசுத்த ஒரு துளி வந்தது, மணந்து பார்த்தால் அசல் வினாகிரி. பதினேழையும் திறந்து நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, மூன்று கிழமை காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒளி தெரியும் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிட்டு அடுத்த நாள் பார்க்க வேண்டும், உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம். முதல் கிழமை வியர்த்தது, இரண்டாம் கிழமை கொஞ்சம், மூன்றாம் கிழமை தாள் காய்ந்தே இருந்தது. கச்சானுக்கு இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போட வேண்டும்.

குழிகளை அடைக்க, ரவுனில் ஒரு கடையில் காருக்குப் போடும் புட்டிப் பசையைத் தரப் பார்த்தார்கள். அது தண்ணீர் குடிக்கும் சாமான், வள்ளத்தின் அடியில் வைக்கவே கூடாது. எப்பொக்சிப் பசை குழைத்துத்தான் அடைத்தேன். இனி அடிப்பக்கம் முழுவதும் எப்பொக்சி இரண்டு மூன்று பூச்சு வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது காயும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வியர்க்குமாம், அதை வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் அரத்தாள் பிடிக்க வேண்டும். வெயிலில் எப்பொக்சி தூளாகப் போகும், ஆகவே அதற்கு மேலேயும் ஒரு பூச்சு வேண்டும்.

அந்த மேல் பூச்சில்தான் சண்டை. எனக்கு ஆசை முழுவதும் இரண்டு டின் கலக்கிற பொலியூரித்தேன் பெயின்றில். துறைமுகத்தில் அது பூசின ஒரு படகைப் பார்த்தேன், முகம் பார்த்துத் தலை சீவலாம். வெயிலுக்கு ஒரே டின்னில் வருவதைவிட இரு மடங்கு காலம் தாக்குப்பிடிக்கும். நெட்டையன் உடனே கொம்பிரசர் கொண்டுவந்து ஒரு பின்னேரத்தில் ஸ்பிரே அடித்துத் தருகிறேன் என்று நின்றான். அதன் இரண்டாவது டின்னில் இருப்பது ஐசோசயனேற் என்கிற சாமான். ஸ்பிரே அடித்தால் அந்த மெல்லிய தூறல் நெஞ்சுக்குள் போகும், நல்லாய் இருக்கிறவனுக்கே முட்டு வரவைக்கும், முட்டு இருக்கிறவர்களுக்கு ஆபத்து. சாதாரண துணி முகமூடி ஒன்றுக்கும் உதவாது, வெளியில் இருந்து குழாயால் காற்று வரும் முகமூடி வேண்டும். வள்ளம் கிடப்பது குசினி யன்னலுக்கு இருபது அடி தூரத்தில், மச்சான். அன்று இரவு வீட்டுக்காரி எழும்பி இருந்து மூச்சு வாங்கினதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். விடிந்ததும் நெட்டையனிடம் கொம்பிரசரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

அதே பெயின்றை உருளையால் பூசலாம், ஆபத்துக் குறைவு, ஆனால் இன்னொரு கரைச்சல் இருக்கிறது. அதுதான் இந்தக் கடிதமே.

அய்யா எழுதின பெயர். உன் அய்யா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சிவப்புப் பட்டியையும் கோணைநாயகி என்ற எழுத்தையும் இரண்டு நாள் இருந்து எழுதினது வீட்டுக்குப் பூசும் எனாமலில். இரண்டு டின் பெயின்றின் கரைப்பான் அந்தப் பழைய எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும், கொதிக்கிற பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி. ஆகவே அதைப் பூசுவதென்றால் எழுத்து முழுவதையும் அடிவரை சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு நாள் காலை அரத்தாளோடு முன்னால் போய் இருந்தேன். அந்தப் பழைய ணை, யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி, கடைசிச் சுழியில் தூரிகை ஒரு மயிரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, இன்னும் பெயின்றுக்குள் ஒட்டிக் கிடக்கிறது. அதை விரலால் தொட்டேன். பிறகு எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தேன். நாங்கள் வள்ளத்தைத் தினமும் கரையில் இழுக்கிறோம், வலையும் துடுப்பும் உரசும். முகம் பார்க்கும் மினுக்கம் ஒரு மாதத்தில் கீறிப்போகும், கீறினால் அதைத் திருத்துவதும் பெரிய வேலை. கலக்காமல் ஒரே டின்னில் வரும் பொலியூரித்தேன் மூன்று நாலு வருஷம்தான் தாங்கும், சரி, ஆனால் கீறின இடத்தை எந்தக் காலையும் சின்னத் தூரிகையால் நானே தொட்டுவிடலாம். பழைய எனாமல் உறுதியாக ஒட்டியிருந்தால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பூசலாம், எழுத்து அடியில் அப்படியே கிடக்கும். அந்தக் காலத்துச் சிவப்பில் ஈயம் இருந்திருக்கலாம், ஆகவே தூள் பறக்கவிடாமல் தண்ணீர் தொட்டுத்தான் தேய்ப்பேன். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. ஒன்று மட்டும், இந்த வகைப் பெயின்ற் தொடர்ந்து தண்ணீருக்குள் கிடந்தால் கொப்புளிக்கும், ஆகவே இனி யார் கேட்டாலும் கட்டிப்போட வள்ளம் கொடுப்பதில்லை.

துறைமுகத்தில் வேலை செய்த பெரியப்பா அடியில் செம்புப் பெயின்ற் அடி, பாசி பிடிக்காது என்கிறார். அது தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு. எங்களுக்கு மணல் தின்றுவிடும், எஞ்சினின் அலுமினியக் காலையும் அரிக்கும். அவர் காலத்தில் தகரம் கலந்த பெயின்ற் ஒன்று இருந்ததாம், ஒரு சிப்பி ஒட்டாது என்று இன்னும் புகழ்கிறார். அதை 2008இல் உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனமே பெருகாமல் போனதால். நாங்கள் மட்டி பொறுக்கி அவித்துத் தின்ற கடல் இது, என்னால் அப்படி ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாது.

இன்னொரு கதை, கேட்டால் உனக்குக் கோபம் வரும். போன வருஷம் நெட்டையன் உதவி செய்வதாக வள்ளத்துக்குக் கார் பொலிஷ் போட்டிருக்கிறான். அதில் சிலிக்கோன். வாளித் தண்ணீரை ஊற்றினால் பின்பக்கத்தில் சேலை விரித்த மாதிரிப் பரவுகிறது, முன்பக்கத்தில் சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக ஓடுகிறது. முத்து ஓடும் இடத்தில் எந்தப் பெயின்றும் ஒட்டாது. தேய்ப்பதற்கு முதலே கரைப்பான் துணியால் துடைக்க வேண்டும், ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் காய்ந்த துணி. முதலில் தேய்த்தால் மெழுகை உள்ளே அமுக்கிவிடுவோம். வீட்டில் இருந்த பழைய சாரம் எல்லாம் முடிந்தது.

நிறத்துக்கு மகள் கடும் நீலம் கேட்கிறாள். நம்முடைய வெயிலில் கடும் நிறம் சுடும், ரெசின் இளகி உள்ளே இருக்கும் இழையின் பின்னல் மேலே தெரியத் தொடங்கும். வெளிர் நீலம் என்று நான் நினைக்கிறேன், பழையதை விட ஒரு சொட்டு வெளிர். நீ என்ன சொல்கிறாய்? பட்டி சிவப்பே இருக்கட்டும்.

பூசும் நேரம்கூடக் கணக்குத்தான். காலையில் பனி ஈரம் காய ஒன்பது மணி ஆகும், பதினொன்றுக்குக் கச்சான் புழுதியைத் தூக்கும், மதியத்தில் தகடு மாதிரிச் சுடும் உடம்பில் பெயின்ற் பூசினால் தூரிகை போன கோடு அப்படியே காய்ந்துவிடும். இரண்டு மணித்தியாலம்தான் கையில். ஒருவர் உருளையால் மெல்லியதாக இழுத்துக்கொண்டு போக, மற்றவர் பின்னாலேயே காய்ந்த தூரிகை நுனியால் ஒரே தடவு. நின்றால் கோடு விழும். இரண்டு ஆள் வேலை. முந்தி அந்தத் தூரிகை உன் கையில் இருந்தது. இப்போது நானாவின் பேரனைப் பழக்குகிறேன், கை நிதானம் இருக்கிறது. நேற்றுச் சுற்றி ஒட்டின கடதாசியை இரவில் மான் வந்து இழுத்துத் தின்றுவிட்டது, வேலி ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

எழுத்தை ஒயில் பேப்பர் வைத்துப் படி எடுத்துவிட்டேன், ஒவ்வோர் எழுத்தாக, அந்த மயிர் இருந்த இடத்தையும் புள்ளி வைத்து. சுருட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பூச்சு முடிந்ததும் பெயர் எழுதாமல் விடுகிறேன், பங்குனியில் நீ வந்து எழுது. அய்யாவின் எழுத்துக்கு மேலே பெயின்ற் போட உனக்குச் சம்மதமா என்று மட்டும் உடனே எழுது. மாட்டேன் என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுச் சுற்றிப் பூசுவேன், வடிவில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன், உன் பதில் வரும்வரை முன்பக்கத்தில் கை வைக்க மாட்டான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு சொல்லு. வரும்போது நல்ல தூரிகை ஒன்று கொண்டு வா, இரண்டங்குலம், மயிர் உதிராதது.

உன்
மச்சான்